திங்கட்கிழமைக் காய்ச்சல்: போனில் வந்த தரவையும் மக்கள்தொகை மாடலையும் பழுதுபார்த்த பதிவு

வரைபடத்தில் முதலில் உறுத்தியது அதன் ஒழுங்குதான். காய்ச்சல் ஒவ்வொரு திங்கட்கிழமையும் குபீரென்று ஏறியது. செவ்வாயும் புதனும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஏறக்குறைய இல்லாமலே போனது. அடுத்த திங்கள் மறுபடி அதே உயரம். எந்தத் தொற்றுநோயும் இப்படி நாள்காட்டி பார்த்துப் பரவாது. ஆனால் அந்தத் தரவைத்தான் எங்கள் மாடல் (நோய் மக்களிடையே எப்படிப் பரவும் என்று கணிக்கும் கணினிக் கணக்கு) அப்படியே விழுங்கி, "வாரத்துக்கு ஒரு அலை" என்று கணித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யப் புகுந்த வேலை சில வாரங்களைத் தின்றது. எங்கே என்ன உடைந்திருந்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். போன் வழியாகத் தரவு வாங்கி மக்கள்தொகை மாடல் கட்டும் யாருக்கும் இதில் பாதியாவது நேரும்.

எங்கள் ஏற்பாடு எளிமையானது. தரவு வர இரண்டு வழிகள். ஒன்று, பதிவு செய்துகொண்டவர்களின் போனுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி போகும்: இந்த வாரம் காய்ச்சல் வந்ததா? 1 அல்லது 2 என்று பதில் அனுப்பினால் போதும். இன்னொன்று, களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மொபைல் செயலியில் நிரப்பும் படிவம். இரண்டும் சர்வருக்கு வந்து சேரும். அங்கிருந்து எடுத்து, முழு மக்கள்தொகைக்கும் பொருந்தும்படி எடை போட்டு (ஒவ்வொரு பதிலும் எத்தனை பேருக்காகப் பேசுகிறது என்று பெருக்கி), நோய்ப் பரவல் மாடலுக்குள் விடுவது என் வேலை.

அந்தக் குறுஞ்செய்தியை எழுதும்போதே ஒரு பாடம் கிடைத்தது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துக்குறிகள் கிடைக்கும். தமிழ் மாதிரி யூனிகோடு தேவைப்படும் எழுத்துகளில் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற மாதிரி எண்ணாது. "காய்ச்சல்" என்பது நமக்கு ஐந்து எழுத்து. போனுக்கோ துணைக்கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக ஒன்பது. மரியாதையாக வணக்கம் சொல்லித் தொடங்கிய என் முதல் செய்தி இரண்டு துண்டாகப் போனது. சில பழைய போன்களில் இரண்டாவது துண்டு முதலில் வந்து, கேள்வியே இல்லாமல் "1 அல்லது 2 அனுப்பவும்" என்று மட்டும் தெரிந்தது. வணக்கத்தை எடுக்க மனசில்லை. கேள்வியைச் சுருக்கி, 70-க்குள் அடக்கினேன்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

படிவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்ட நான்கு நேரங்கள் இருந்தன: காய்ச்சல் தொடங்கிய நாள், படிவம் நிரப்பிய நேரம், போன் அதை அனுப்பிய நேரம், சர்வர் பெற்றுக்கொண்ட நேரம். எங்கள் நிரல் எடுத்துக்கொண்டிருந்தது நான்காவதை. ஏனென்றால் அது ஒன்றுதான் எல்லா வரிசையிலும் (அட்டவணையில் ஒரு படிவத்துக்கு ஒரு வரிசை) காலியாக இல்லாமல் இருந்தது. களப்பணியாளர்கள் சிக்னல் இல்லாத பகுதிகளில் படிவத்தை நிரப்பி போனில் சேமித்துவிடுவார்கள். திங்கட்கிழமை வாராந்தரக் கூட்டத்துக்கு அலுவலகம் வந்ததும் போன் தானாகவே வைஃபையைப் பிடித்து, வாரம் முழுக்கச் சேர்ந்ததை ஒரே மூச்சில் அனுப்பிவிடும். நான் காய்ச்சல் என்று பார்த்துக்கொண்டிருந்தது வைஃபை.

முதல் நேரத்துக்கு, அதாவது காய்ச்சல் தொடங்கிய நாளுக்கு மாற்றினேன். சிகரம் கரைந்தது. ஆனால் அந்த நாள் காலியாக இருந்த வரிசைகளுக்கு நிரப்பிய நாளையே நம்ப வேண்டியிருந்தது, அதுவோ சிலவற்றில் 1970 ஜனவரி 1 என்று வந்தது. கணினிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ஜியப் புள்ளி அது. பேட்டரி முழுக்கத் தீர்ந்து அணைந்த சில போன்கள் விழித்ததும் அங்கிருந்து தொடங்கிவிடுகின்றன. அந்த வரிசைகளை அழிக்கவில்லை. "நிரப்பிய நேரம் நம்பத்தக்கதல்ல" என்று ஒரு குறி போட்டு, முன்னும் பின்னும் அதே போனிலிருந்து வந்த படிவங்களின் வரிசை எண்ணை வைத்து ஏறத்தாழ நாளைக் கணித்தேன். அழித்திருந்தால், பேட்டரி தீரும் அளவுக்கு மின்சாரம் இல்லாத பகுதிகளின் நோயையே மாடலிலிருந்து அழித்திருப்பேன்.

இந்த இடத்தில் நின்று யோசித்தேன். உண்மை தரவை வைத்துக்கொண்டு மாடலைத் திருத்துவது இருட்டில் ஊசி தேடுவது. வரைபடம் அழகாக மாறினால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சரியான விடை என்ன என்று நமக்கே தெரியாது. அதனால் விடை தெரிந்த ஒரு ஊரைக் கணினிக்குள் கட்டினேன். 10,000 பேர், 2,500 வீடு. அதில் நான் வைத்ததே நோய்: தொற்றியவர் 4 நாள் கழித்துப் பரப்பத் தொடங்குவார், சராசரியாக 5 நாள் பரப்புவார், ஆரம்பத்தில் ஒருவர் சராசரியாக 1.5 பேருக்குக் கொடுப்பார். இந்தப் பொய் ஊரை எங்கள் நிரலுக்குள் விட்டு, நான் வைத்த எண்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. இந்த முடிவை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் மாடல், நோய்ப் பரவல் படிப்பில் எல்லோரும் முதலில் கற்பதுதான். 1927-இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த குடும்பம். மக்களை நான்கு பெட்டிகளாகப் பிரிப்போம்: தொற்றக்கூடியவர், தொற்றியும் இன்னும் பரப்பாதவர், பரப்புகிறவர், குணமானவர். ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் சிலர் நகர்வார்கள். இதில் ஒரு நல்ல வசதி உண்டு. எல்லோரும் எல்லோருடனும் சமமாகப் பழகுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், நோய் ஓய்ந்த பிறகு மொத்தம் எத்தனை பேருக்கு வந்திருக்கும் என்பதைத் தாளிலேயே கணக்கிடலாம். ஒருவர் 1.5 பேருக்குக் கொடுக்கும் நோய்க்கு விடை சுமார் 58 விழுக்காடு. என் ஊரில் 5,800 பேர்.

நிரலை ஓட்டினேன். 3,100 பேர் என்றது.

போன், சிக்னல், படிவம் எதுவும் இன்னும் உள்ளே வரவே இல்லை. வெறும் மாடல், நான்கு பெட்டி, அதிலேயே ஏறத்தாழ பாதி நோய் காணாமல் போயிருந்தது. இரண்டு நாள் தேடினேன். கடைசியில் ஒரு நாள் கணக்கைத் தாளில் கையால் போட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நிரலில் வரிகள் இந்த வரிசையில் இருந்தன: முதலில் புதிய நோயாளிகளைப் பரப்புகிறவர் பெட்டியில் சேர், பிறகு அந்தப் பெட்டியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் குணமானவர் பெட்டிக்கு மாற்று. அதாவது இன்று காலை பெட்டிக்குள் நுழைந்தவரில் ஐந்தில் ஒருவர், யாருக்கும் பரப்புவதற்கு முன்பே, அதே நாளில் குணமாகி வெளியே போய்க்கொண்டிருந்தார். விளைவு, பரப்பும் காலம் 5 நாளுக்குப் பதில் சராசரி 4 நாள் ஆனது. ஒருவர் 1.5 பேருக்குக் கொடுப்பது 1.2 பேர் ஆனது. 1.2-க்குத் தாளில் கணக்குப் போட்டால் 31 விழுக்காடு. அச்சு அசலாக 3,100.

தீர்வு சின்னது. நேற்றைய எண்ணிக்கையை வைத்து எல்லா நகர்வுகளையும் முதலில் கணக்கிட்டுத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் எல்லாப் பெட்டிகளையும் மாற்ற வேண்டும். இரண்டு வரி இடம் மாறியது, 2,700 பேர் திரும்பி வந்தார்கள். இந்தப் பிழை உண்மை தரவில் ஒருநாளும் தெரிந்திருக்காது. மாடல் தரவோடு பொருந்துவதற்காகப் பரவும் வேகத்தைத் தானே ஏற்றிக்கொண்டிருக்கும், நாங்களும் "இந்தக் கிருமி வேகமானது" என்று எழுதியிருப்போம்.

அடுத்தது, பொய் ஊரைப் போன் வழியாக அனுப்பிப் பார்ப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாமதம் கொடுத்தேன். சிலரின் படிவம் அன்றே சர்வருக்கு வரும், சிலருடையது மறுநாள், சிலருடையது இன்னும் தள்ளி. சோதனைக்கு வைத்த கணக்கு இது: அன்றே வந்து சேர்வது 40 விழுக்காடு, மறுநாள் முடிவதற்குள் 70, அதற்கடுத்த நாளுக்குள் 90, மூன்றாம் நாளோடு எல்லாம் வந்துவிடும். ஊரில் தினமும் சரியாக 40 பேருக்கு நோய் வருகிறது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இன்று இரவு நான் சர்வரைப் பார்த்தால் என்ன தெரியும்? மூன்று நாள் முந்திய கணக்கு 40. முந்தாநாள் 36. நேற்று 28. இன்று 16.

இதைப் பார்த்து யாராக இருந்தாலும் நோய் சரிகிறது என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படி ஒரு தடவை அறிக்கையில் எழுதியிருக்கிறேன், பிறகு திருத்தி அனுப்பினேன். உண்மையில் எதுவும் சரியவில்லை. கடைசி மூன்று நாளின் ஆட்கள் இன்னும் வழியில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். 36-ஐ 0.9-ஆல் வகுத்தால் 40. 28-ஐ 0.7-ஆல் வகுத்தால் 40. 16-ஐ 0.4-ஆல் வகுத்தாலும் 40. தாமதத்தின் பரவலைப் பழைய பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்டு இப்படி நிரப்பலாம். ஆனால் 16 என்பது சிறிய எண். அதிலிருந்து பெருக்கி எடுத்த 40-க்கு இரண்டு பக்கமும் அகலமான ஐயப்பாட்டு எல்லை (உண்மை எண் இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்ற இடைவெளி) போட வேண்டும். வரைபடத்தில் கடைசி மூன்று நாளை வெளிறிய நிறத்தில் காட்டச் செய்தேன். தாமதமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. திங்கட்கிழமை அலுவலகம் வருபவர்களின் பகுதிக்கு ஒரு அட்டவணை, தினமும் சிக்னல் கிடைப்பவர்களின் பகுதிக்கு வேறு அட்டவணை.

இவ்வளவும் படிவத்தின் கதை. குறுஞ்செய்தியில் வேறொரு சிக்கல் காத்திருந்தது.

பதில்களை அலசும்போது ஒரு போன் எண் கண்ணில் பட்டது. முதல் வாரம் காய்ச்சல் என்று பதில். சரிபார்க்க எங்கள் ஆள் கூப்பிட்டபோது வயது 6 என்று குறித்திருந்தார். இரண்டு வாரம் கழித்து அதே எண்ணில் மறுபடி காய்ச்சல், வயது 34. தட்டச்சுப் பிழை என்று முதலில் நினைத்தேன். பிழையே இல்லை. அந்த வீட்டில் ஒரே போன். முதலில் அம்மா பிள்ளைக்காகப் பதில் சொன்னார், அப்புறம் தனக்காக. நாங்கள் போன் எண்ணை ஆளாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

இது கணக்கை எவ்வளவு சாய்க்கும் என்று பாருங்கள். 100 எண்களில் 12 எண்ணிலிருந்து "ஆம்" வருகிறது. ஆளாக எண்ணினால் 12 விழுக்காடு பேருக்குக் காய்ச்சல். ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பின்னாலும் 4 பேர் இருந்து, அந்த 12 வீட்டிலும் சேர்த்து 15 பேருக்குத்தான் காய்ச்சல் என்றால், 400-இல் 15. அது 4 விழுக்காடு கூட இல்லை. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். கேள்வியையே மாற்றினோம்: "உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குக் காய்ச்சல்? 0, 1, 2 என எண்ணிக்கை அனுப்புக." பதிவின்போதே வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு ஒரு அடையாளம், வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு வரிசை எண். போன் எண் வெறும் தொடர்பு வழியாகப் பின்னால் போய்விட்டது.

பதிலே வராதவர்களை என்ன செய்வது என்பதில்தான் குழுவுக்குள் நிறைய பேசினோம். விட்டுவிடலாம் என்பது எளிது. ஆனால் நோயில் படுத்திருப்பவர் போனை எடுக்கமாட்டார். எதுவும் இல்லாதவரும் சோம்பலில் பதில் அனுப்பமாட்டார். எது அதிகம் என்று உட்கார்ந்த இடத்தில் தெரியாது. எனக்கு வழி காட்டியது கென்யாவில் நடந்து 2010-இல் தி லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு சோதனை. எச்ஐவி மருந்து எடுக்கும் 538 பேரில் ஒரு பாதிக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினார்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று. 48 மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கூப்பிட்டுப் பேசினார்கள். செய்தி பெற்றவர்களில் 57 விழுக்காட்டினருக்கு வைரஸ் அடங்கியிருந்தது, பெறாதவர்களில் 48. அங்கே மௌனமும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். பேசாத எண்களில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறோம். அவர்கள் சொல்வதை மற்ற மௌனிகளுக்கும் சேர்த்து எடை போடுகிறோம். புள்ளியியலாளர்கள் ஹேன்சனும் ஹர்விட்ஸும் 1946-இல் தபால் வினாத்தாள்களுக்காகச் சொன்ன முறைதான், போனுக்கும் குறையில்லாமல் பொருந்துகிறது.

எடை போடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பதில் சொல்பவர்களில் இளைஞர் அதிகம், முதியவர் குறைவு. கணக்கெடுப்பில் உள்ள வயது, பாலினம், பகுதி விகிதங்களுக்குப் பொருந்தும்படி மாற்றி மாற்றிப் பெருக்கிச் சரிக்கட்டுவது வழக்கம். எங்கள் அட்டவணையில் ஒரு பகுதியின் முதிய பெண்கள் கட்டத்தில் யாருமே இல்லை, பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராமல், அந்தப் பகுதியில் முதிய பெண்களே இல்லாத ஒரு உலகத்தைக் கட்டிக் கொடுத்தது. பக்கத்துக் கட்டத்தில் நிலைமை வேறு: 2 பேர், அவர்கள் பின்னால் 600 பேர். ஆளுக்கு 300 எடை. அவர்களில் ஒருவர் விரல் தவறி 1-ஐ அழுத்தினால் 300 பேருக்குக் காய்ச்சல். கட்டங்களை இணைத்தேன், எடைக்கு ஒரு உச்சவரம்பு வைத்தேன், ஆள் குறைவான கட்டங்களுக்கு மறு வாரம் நேரில் போகச் சொன்னேன். மூன்றாவதுதான் உண்மையான தீர்வு.

வயதிலும் ஒரு கோணல் இருந்தது. 30, 35, 40 என்று 0-இலோ 5-இலோ முடியும்படி தோராயமாகச் சொல்பவர்கள் அதிகம். இதை அளக்க விப்பிள் குறியீடு இருக்கிறது. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0 அல்லது 5-இல் முடியும் வயதினர் ஐந்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும், அப்படி இருந்தால் குறியீடு 100. 1,000 பேரில் 200-க்குப் பதில் 320 பேர் அப்படிச் சொன்னால் 160. பிறந்த ஆண்டைக் கேட்க ஆரம்பித்தபின் ஓரளவு குறைந்தது. மாடலுக்கு அகலமான வயதுப் பிரிவுகளே போதும் என்பதால் இதில் அதிக நேரம் செலவிடவில்லை.

தனியுரிமை விஷயத்தில் அப்படிக் கடந்துபோக முடியாது. எண்களை மறைக்க முதலில் ஹேஷ் செய்து வைத்திருந்தோம். போன் எண் ஒரு விளங்காத எழுத்துக்கோவையாக மாறிவிடும், பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் 10 இலக்க எண்கள் மொத்தமே 1,000 கோடிதான். ஒரு கணினி எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டுப் பார்த்துவிடும். பூட்டின மாதிரி இருக்கும், பூட்டு இருக்காது. இடத் தரவு இன்னும் மோசம். 15 லட்சம் பேரின் 15 மாத செல்பேசித் தரவை ஆராய்ந்து 2013-இல் வந்த கட்டுரை, எப்போது எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டியது. ஆகவே ஹேஷை எடுத்துவிட்டு, எண்ணோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத குருட்டாம்போக்கு அடையாளம் ஒன்று கொடுத்தேன். இரண்டையும் இணைக்கும் கோப்பு வேறு இடத்தில், வேறு ஒருவர் பொறுப்பில். படிவத்திலிருந்து ஜிபிஎஸ்-ஐ எடுத்தேன், பகுதிக் குறியீடு மட்டும் போதும். 10 பேருக்குக் குறைவான எந்தக் கட்டமும் அறிக்கையில் வராது. தன் வீட்டுக் காய்ச்சலைச் சொன்ன ஒருவர் அதனால் தெருவில் சுட்டிக்காட்டப்படக் கூடாது. கணிப்பு கொஞ்சம் மங்கலாவது பரவாயில்லை.

எல்லாம் முடிந்து பொய் ஊரை மறுபடி முழுப் பாதையிலும் அனுப்பினேன்: தாமதம், பகிர்ந்த போன், மௌனம், தப்பான கடிகாரம் எல்லாம் சேர்த்து. நான் வைத்த 1.5 மாடலின் ஐயப்பாட்டு எல்லைக்குள் திரும்பி வந்தது. வேறு வேறு தொடக்கத்தோடு பல தடவை ஓட்டியும் வந்தது. அப்புறம்தான் உண்மை தரவை உள்ளே விட்டேன்.

புதிய வரைபடத்தை முதலில் காட்டியது களப்பணியாளர்களிடம். அவர்கள் பகுதியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார். ஒரு பகுதியின் கோட்டில் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. ஒரு வாரம் மட்டும் காய்ச்சல் நன்றாகக் குறைந்திருந்தது. நான் அதை இயல்பான ஏற்ற இறக்கம் என்று விளக்கத் தொடங்கினேன். அந்தப் பகுதியைப் பார்ப்பவர் திரையில் விரலை வைத்துச் சொன்னார்:

"அந்த வாரம் காய்ச்சல் குறையல மேடம். டவர்தான் வேலை செய்யல. நான் வீட்டுக்கு வீடு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

அந்த நோட்டை வாங்கி உட்கார்ந்து பதிவேற்றினோம், பள்ளம் நிரம்பியது. படிவத்தின் முதல் பக்கத்தில் இப்போது ஒரு புதிய கேள்வி இருக்கிறது: இந்த வாரம் எத்தனை நாள் சிக்னல் இல்லை? மாடலுக்குப் போகும் அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். சிக்னல் இல்லாத நாளின் பூஜ்ஜியத்தை அது இனி பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளாது, காலியிடமாக எடுத்துக்கொள்ளும்.